கறவையில் இல்லை

மார்ச் 21

அலுவலக வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருக்கிறார்கள். காலையில் வைத்த சோப்பை மத்தியானத்துக்குள் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதிகாரி ஒவ்வொரு மேசையாக வந்து, "சோப்பை யாராவது பார்த்தீங்களா?" என்று விசாரித்தார். எல்லோரும் கையை விரித்துக் காட்டினோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

வீட்டுக்குக் கீழே இருக்கும் தையல்காரர் முகக்கவசம் தைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். யாருடைய சட்டையிலோ மிஞ்சிய கட்டம்போட்ட துணி. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் வழிப்பறிக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தேன். தனியாகச் சிரித்தேன். தனியாக இருப்பதில் இது ஒரு வசதி.

தம்பி கூப்பிட்டான். ஓட்டல், டீக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் மூடிவிட்டதால் சேகரிப்பு நிலையத்தில் இனிமேல் பாதிப் பால்தான் எடுப்பார்களாம். "மீதிய என்னக்கா பண்றது?" என்றான். பால்வள அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், ஊர் ஊராகப் போய் மாடு வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவள் — எனக்குத் தெரியாமல் இருக்குமா என்பது அவன் எண்ணம். "பார்க்கலாம்டா. ஏதாவது சொல்வாங்க" என்றேன். யார் சொல்வார்கள்? நான்தான் சொல்ல வேண்டும், வழக்கமாக.

மார்ச் 27

மைக்செட் இன்று பாலை வாய்க்காலில் கொட்டினார். தம்பியின் பக்கத்துப் பண்ணைக்காரர். ரகசியம் பேசினாலும் வேலி தாண்டிக் கேட்கும் என்பதால் ஊர் வைத்த பெயர். கேனைச் சாய்க்கும்போது வேலையாளை விட்டுப் படம் எடுக்கச் சொன்னாராம். "நான் தெரியறது இருக்கட்டும்பா, பால் தெரியுதா?"

தம்பியும் நேற்று ஒரு கேனைக் கொட்டியிருக்கிறான். போனில் சொல்லும்போது ஏதோ திருடிவிட்டு வந்தவன் மாதிரி குரல் இறங்கிப்போனது. "கொட்டும்போது அது இன்னும் சூடாவே இருந்துச்சுக்கா." "இனிமே என்னால முடியாது" என்றான்.

அப்பா போன பிறகு அவன்தான் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறான். நான் படித்தேன், அவன் கறந்தான். அதில் எங்களுக்குள் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. இருந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 2

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. சந்தை சரியாகும் வரை பால் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். ஐந்து மாதம் தாண்டிய சினை மாடுகளை முன்கூட்டியே வற்றவிடலாம். வழக்கமாகக் கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போதுதான் கறப்பதை நிறுத்துவோம். மடி வற்றி ஓய்வெடுக்கும். பிறகு கன்றோடு புதுப்பால் வரும். இப்போது நாலு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தினால் நிறுத்தினதுதான். நடுவில் மனசு மாறி மறுபடி கறக்கலாம் என்றால் பால் வராது.

யோசித்துப் பார்த்தேன். தப்பான ஆலோசனை இல்லை. தீவனம் மிச்சமாகும், மாட்டுக்கும் நல்லது, பாலைக் கொட்டும் பாவமும் இல்லை.

ஜீப்பில் ஊர் ஊராகப் போனேன். ஆறடி தள்ளி நின்று கத்திக் கத்திச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மாட்டுக்கு சுவிட்ச் இருக்கா மேடம், அமுக்கினா நிக்கறதுக்கு?"

மைக்செட் என்னை உட்காரச் சொன்னார், உட்கார இடம் கொடுக்காமல். "இங்க பாருங்கம்மா, நாளைக்கே எல்லாம் திறந்துட்டாங்கன்னா? பால் இல்லாத மாட்ட வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, தாலாட்டா பாடறது? கொட்டினாலும் கொட்டுவேனே ஒழிய நிறுத்த மாட்டேன்."

கடைசியாகத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மட்டும் குறுக்கே பேசாமல் கேட்டான். "நல்லதுதானேக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். "நல்லதுதான்டா" என்றேன்.

ஏப்ரல் 5

ஞாயிற்றுக்கிழமை. தம்பி வீட்டில் இருந்துவிட்டு வந்தேன்.

அவனுக்குப் பதினாலு மாடு. அதில் ஒன்பது ஒரே சமயத்தில் சினையானவை. பண்டிகைகள் ஆரம்பித்துப் பால் தேவை ஏறும் சமயத்துக்கு எல்லாம் கன்று போட்டுவிட வேண்டும் என்று போன வருஷமே கணக்குப் போட்டுச் சினை ஊசி போட வைத்தான். அவன் போட்ட கணக்கைப் பார்த்து அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. ஆகஸ்டில் ஒன்பது கன்று.

இன்று காலைக் கறவைதான் அந்த ஒன்பதுக்கும் கடைசி. கறந்து முடித்து, ஒவ்வொரு காம்பாகத் துடைத்து மருந்து ஏற்றினான். நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். கலப்புத் தீவனத்தை நிறுத்தி, வெறும் காய்ந்த புல்.

"இனி எவ்வளவு கத்தினாலும் தொடக்கூடாது" என்றேன். "மடி கட்டும், வலிக்கும், கத்தும். நாலஞ்சு நாள்ல அதுவே உள்ள இழுத்துக்கும். காம்பு நுனில மெழுகு மாதிரி ஒரு அடைப்பு விழும். அதுதான் மடிக்குக் காவல். பாவமேன்னு ஒரு தடவை பிதுக்கிட்டீங்கன்னா அடைப்பு விட்டுடும், நோய் உள்ள போயிடும்."

"சரி டீச்சர்" என்றாள் தம்பி மனைவி. அவளுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "அண்ணி, இந்த வீட்டுல நீங்க சொன்னா சட்டம், நான் சொன்னா சத்தம். பக்கத்துல அவர் கறந்துக்கிட்டுத்தானே இருக்காரு?"

"அவரு கொட்டறாரு" என்றான் தம்பி.

"கொட்டறாரு. ஆனா கறக்கறாரு."

ஒரு மாட்டுக்கு 'அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறான். தீவனத் தொட்டிக்கு முதலில் போய் மற்றதை முட்டித் தள்ளுமாம். "மரியாதையாத்தான் வெச்சிருக்கேன்" என்கிறான். கடைசிக் கறவையில் அவள் அவனை உதைத்தாள். "பாரு, நிறுத்தச் சொன்னவளே உதைக்கிறா" என்றான். மூன்று பேரும் சிரித்தோம்.

ஏப்ரல் 8

அலுவலகம் முடிந்து கொட்டகைக்குப் போனேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. ஒன்பதும் சேர்ந்து கத்துகின்றன. கறக்கும் நேரம் வந்தால் கயிறை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்க்கின்றன. மடி பாறை மாதிரி. தம்பி உள்ளே இல்லை. வீட்டுக்குப் பின்னால் போய், காதில் விழாத தூரத்தில், விறகு பிளந்துகொண்டிருந்தான். பிளக்க வேண்டிய விறகெல்லாம் முடிந்து, பிளந்ததையே மறுபடி பிளந்துகொண்டிருந்தான்.

"தொடலையேடா?"

"தொடலக்கா. நீ சொன்னியே."

ஏப்ரல் 13

அடங்கிவிட்டன. ஒன்பதும் வற்றிவிட்டன. ஒன்றுக்குக்கூட மடிநோய் இல்லை. அவனை நினைத்தால் கர்வமாக இருக்கிறது.

மே 9

நிவாரணம் அறிவித்துவிட்டார்கள்! ஊரடங்கால் பால் விற்க முடியாமல் போன விவசாயிகளுக்கு, மாட்டுக்கு இவ்வளவு என்று நேரடியாக வங்கிக் கணக்கில். அலுவலகத்தில் அதிகாரி எழுந்து நின்றே வாசித்தார். வாசித்து முடித்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் கைதட்டினோம்.

தம்பிக்கு நான்தான் முதலில் சொன்னேன். "நெசமாவா?" என்றான். பிறகு போனைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் கத்துவது கேட்டது. அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணி, எல்லா மாட்டுக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

"அப்ப தீவனக் கடைக்காரர் மூஞ்சியில நான் முழிக்கலாம். ரெண்டு வாரமா பின்பக்கத் தெருவழியா போய்க்கிட்டு இருக்கேன்."

ஐந்து மாட்டுப் பாலில் பாதிதான் விலைபோகிறது. அதை வைத்துப் பதினாலு வாயை எப்படி ஓட்டுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது மரியாதைக்காகவா, பயத்தினாலா?

இனிக் கேட்கலாம். ஆகஸ்டு வரை தாக்குப் பிடித்தால் போதும். ஒன்பதும் கன்று போட்டுவிடும்.

மே 18

விதிமுறைகள் வந்தன. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாசிக்கலாம் என்று வைத்திருந்தேன். சாப்பிடாமலே வாசித்திருக்கலாம்.

நிவாரணம் கறவையில் உள்ள மாடுகளுக்கு மட்டும். அலுவலர் நேரில் போக வேண்டும். ஒவ்வொரு மாட்டையும் அவர் முன்னால் கறந்து காட்ட வேண்டும். காம்பிலிருந்து பால் வருவது தெரியும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்காவது ஓர் ஓரத்தில் வற்றிய மாட்டுக்கு ஒரு வரி இருக்கும் என்று. இல்லை.

அதிகாரியிடம் போனேன்.

"சார், போன மாசம் நாமதானே வத்த விடச் சொன்னோம்?"

"சொன்னோம். அது ஆலோசனை மேடம். இது விதி."

"நம்ம பேச்சைக் கேட்டவனுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"யாரு கேட்டா? இந்த வட்டாரத்துல ஒருத்தராவது கேட்டாங்களா, சொல்லுங்க." குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஒருத்தன் கேட்டான் சார்."

"யாரு?"

"என் தம்பி."

மூச்சுபட்டு அவர் கண்ணாடி மங்கியிருந்தது. கழற்றித் துடைத்தார். "அடடா" என்றார். கெட்ட மனிதர் என்றால் சண்டை போட்டிருப்பேன்.

விற்காமல் போன பாலுக்குத்தான் நிவாரணம். பாலே இல்லாத மாட்டுக்கு விற்காத பால் ஏது? உட்கார்ந்து யோசித்தால் விதி நியாயமாகத்தான் தெரிகிறது. நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கொல்கிறது.

மே 19

இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

மே 20

இன்றும்.

மே 26

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூங்கப் போவதில்லை.

சொந்தக்காரர் பண்ணைக்கு நான் போகக்கூடாது, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டேன். இன்னொரு அலுவலர் காய்ச்சலோடு தனிமையில் இருக்கிறார். "நீங்களே போங்க மேடம், நான் குறிப்பு எழுதிக்கறேன்" என்றார் அதிகாரி.

முதலில் மைக்செட் பண்ணை. இருபத்திரண்டு மாடு, எல்லாம் கறவையில். ஒவ்வொன்றாகக் கறந்து காட்டினார், நான் படம் எடுத்தேன். "பார்த்தீங்களா, நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார். அப்புறம்தான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முதல் தடவையாகக் குரலைத் தணித்தார். "உங்க தம்பி கிட்ட சொல்லிட்டீங்களா?"

சொல்லியிருந்தேன். நேற்று, போனில். "சரிக்கா" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

கொட்டகையைக் கழுவி விட்டிருந்தார்கள். பதினாலு மாட்டையும் குளிப்பாட்டி வரிசையாகக் கட்டியிருந்தார்கள். விருந்தாளி வருகிற மாதிரி. வருகிற விருந்தாளி நான்.

ஐந்தையும் கறந்து காட்டினான். படம் எடுத்தேன். ஆறாவது மாட்டுக்கிட்டே வந்ததும் நின்றான். அவன் மனைவி ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தாள். கிண்ணத்தில் பால், அதில் ஒரு துணித் துண்டு. நனைத்துக் காம்பின் நுனியில் பிழிந்தால் படத்தில் பால் சொட்டுவது மாதிரி இருக்கும். அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் நேராக இருந்தது.

"அண்ணி, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. நான் சொல்லும்போது திரும்பி போட்டோ எடுங்க. அவ்வளவுதான்."

நான் திரும்பவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நின்றேன். கையில் போன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்பது மாடு. ஆகஸ்டு வரை தீவனம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? திரும்பி நிற்பது ஒரு குற்றமா?

தம்பிதான் கிண்ணத்தைப் பிடித்தான். "வேணாம்மா."

"ஏன் வேணாம்? ஊருல எவன் எவனோ—"

"வேணாம். அக்கா வேலை போயிடும்."

"அப்ப நெசமாவே கறங்க. ரெண்டு சொட்டு. உள்ள கொஞ்சமாவது இருக்கும்ல? ரெண்டே சொட்டு பிதுக்கினா—"

"அடைப்பு விட்டுடும். நோய் வரும்." என்னைப் பார்க்காமல் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னான். "தொடக்கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கு."

என்னால் தாங்க முடியவில்லை. அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன். இல்லை. அவன் அப்படியேதான் சொன்னான். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது 'அக்கா கைய விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கு' என்று யாரிடமோ சொன்னானே, அதே மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். "அக்கா, அன்னைக்கு நீ சொன்னது தப்பா?"

"இல்லடா. சரியாத்தான் சொன்னேன்."

"நான் செஞ்சது?"

"நீயும் சரியாத்தான் செஞ்ச."

"அப்புறம் ஏன்கா?"

ஒவ்வொரு மாட்டுக்கு எதிரிலும் எழுதினேன். கறவையில் இல்லை. கறவையில் இல்லை. என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும் என்பார்கள். அங்கேயும் நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அவன் மனைவி அந்தக் கிண்ணத்துப் பாலை டீயாகப் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். எதற்காகக் குடித்தேன்?

மே 27

அவன் கிண்ணத்தைப் பிடித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு நொடி. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். இருந்தது.

ஜூன் 16

மற்றவர்களுக்குப் பணம் வந்துவிட்டது. தம்பிக்கு ஐந்து மாட்டுக்கு வந்தது. தீவனக் கடைக்காரர் அதைப் பாதி வழியிலேயே வாங்கிக்கொண்டாராம். இனிமேல் காசு கொடுத்தால்தான் மூட்டை. அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் லாரி வாடகை ஏறிவிட்டது.

மேலிடத்துக்கு மனு எழுதினேன். துறையின் ஆலோசனையை ஏற்று மாடுகளை வற்றவிட்ட விவசாயியைத் தகுதியற்றவராகக் கருதுவது பொருந்தாது என்று. அதிகாரியும் கையெழுத்துப் போட்டார். அது அவர் செய்ய வேண்டிய காரியம் இல்லை. செய்தார். பதில் இன்று வந்தது: 'விதிமுறைகளில் இடமில்லை.' ஒரே வரி. அனுப்பியவரின் பெயர்கூட இல்லை, பதவி மட்டும்.

ரேஷன் வரிசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. முகக்கவசத்தில் என்னை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது.

"சொந்த அக்கா ஆபீஸ்ல இருந்தும் கிடைக்கலையாமே."

"சொந்த அக்கா இருந்ததாலதான்யா கிடைக்கல. மத்த எவன் அந்தப் பேச்சைக் கேட்டான்?"

சிரித்தார்கள். அதற்குச் சிரிக்கலாம்தான். வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் சம்பளத்திலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி வாங்கவில்லை. அவன் மனைவி வாங்கிக்கொண்டாள். நன்றாகச் செய்தாள்.

ஜூன் 30

மாடுகளுக்கு எலும்பு தெரிகிறது. வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

ஜூலை 17

தம்பி மனைவி மத்தியானம் கூப்பிட்டாள். "அண்ணி, காலையில ஒன்பதையும் கொடுத்துட்டோம். உங்க கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாரு. சொல்லாம இருக்க முடியல, அதான்."

"யாருக்கு?"

"பக்கத்துலதான்."

மைக்செட்டுக்கு. நிவாரணப் பணம் வந்திருக்கிறது, மாடு வாங்குகிறார். வேறு ஆள் யாரும் இல்லை; வெளியூர் வியாபாரிகள் வருவதில்லை. கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். அவரும் அடிமாட்டு விலை கேட்கவில்லை, கொஞ்சம் ஏற்றியே கொடுத்தார் என்கிறாள். "நல்ல மனுஷன்தான் அண்ணி. அதுதான் எனக்கு ஆத்திரமா வருது."

லாரி வேண்டியிருக்கவில்லை. வேலியில் ஒரு இடத்தில் கம்பியை அவிழ்த்து, ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டியவன் தம்பிதான். வேறு யார் கூப்பிட்டாலும் நகரவில்லையாம். அவன் முன்னால் நடந்தான், அவை பின்னால் போயின. அந்தப் பக்கம் கட்டிவிட்டு, அவன் இந்தப் பக்கம் வந்து, அவிழ்த்த கம்பியை அவனே திரும்பக் கட்டியிருக்கிறான்.

"அவர் சொன்னாரு, 'என்கிட்டதானேப்பா இருக்கும், எப்ப வேணா வந்து பார்த்துக்க'ன்னு. இவரு தலைய ஆட்டினாரு. வீட்டுக்குள்ள வந்து கைகால் கழுவினாரு. கழுவிக்கிட்டே இருந்தாரு அண்ணி. நான்தான் போய்க் குழாய மூடினேன்."

இன்னும் மூன்று நாலு வாரம். அவ்வளவுதான் பாக்கி இருந்தது, கன்று போட.

நான் நிவாரணப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பணத்தில் அவர் என் தம்பி மாட்டை வாங்கினார். எங்கேயும் ஒரு தப்பும் நடக்கவில்லை. எல்லாப் பக்கமும் சரியாக இருக்கிறது. எனக்குக் கத்த வேண்டும் போல இருக்கு. யார்கிட்ட கத்தறது? எந்த மேசைல போய் கத்தறது?

ஜூலை 18

அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 25

எடுக்கவில்லை. கோபம் இல்லை என்கிறாள் அவன் மனைவி. "உங்க குரலைக் கேட்டா அழுதுடுவேன்னு சொல்றாரு." கோபமாக இருந்தால் தேவலை.

மீதி ஐந்தில் மூன்றையும் கொடுத்துவிட்டார்களாம். இரண்டு போதும், வீட்டுக்கும் பக்கத்துக்கும்.

ஆகஸ்டு 6

இன்று அலுவலகத்தில் ஒரு பயிற்சி. காணொளியில் நடத்தினார்கள். தலைப்பு: விவசாயிகளின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி. அதிகாரி என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். என் படம் திரையில் ஒரு சின்னக் கட்டத்தில் இருந்தது, மற்ற எல்லோருடையதையும் போல. ஒலியை அணைத்து வைத்திருந்தேன். அணைத்தபடியே பேசிப் பார்த்தேன். "அவனிடம் நம்பிக்கை இருந்தது." யாருக்கும் கேட்கவில்லை.

ஆகஸ்டு 14

தம்பி மனைவி செய்தி அனுப்பியிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் முதல் கன்று விழுந்துவிட்டது. பெண் கன்று. படம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 3

விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. அவன் பெயரைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் எடுத்தேன்.

"தூங்கறியாக்கா?"

"இல்லடா. சொல்லு. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மாதான்."

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவன் குரல். பின்னால் கேன்கள் உருளும் சத்தம், தண்ணீர் பீய்ச்சும் சத்தம். "எங்கடா இருக்க?"

"பக்கத்துலதான். அவர் கொட்டகைல." கொஞ்சம் தயங்கினான். "கன்னு போட்டதுல நாலு, அவங்க ஆளுங்க கிட்ட பாலை விடவே இல்லக்கா. மெஷினைப் போட்டாலும் இல்ல, கைல கறந்தாலும் இல்ல. அடக்கி வெச்சுக்குது. மடி வீங்கிப் போச்சு. நேத்து சாயங்காலம் அவரே வேலிக்கிட்ட வந்து கூப்பிட்டாரு. காலையிலயும் சாயங்காலமும் வந்து கறந்து கொடு, மாசச் சம்பளமா வாங்கிக்கன்னு. சரின்னுட்டேன்."

சொல்வதற்கு ஆலோசனை எதுவும் என்னிடம் இல்லை.

"இன்னைக்குத்தான் முதல் நாள். இப்பதான் முடிச்சேன்" என்றான். பிறகு அவசர அவசரமாக, மூச்சு வாங்கச் சொன்னான். "அக்கா, நான் வாளியைக் கீழகூட வைக்கல. கிட்டப் போய் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். கை வைக்கறதுக்கு முன்னாடியே பால் சொட்ட ஆரம்பிச்சுடுச்சு. நாலும். தரையெல்லாம் பால். அவங்க எல்லாம் அப்படியே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க."

"அப்படியாடா?"

"ஆமாக்கா. மறக்கவே இல்ல."

"நோய் எதுவும் இல்லையே? மடி?"

"நாலு காம்பும் நல்லா இருக்கு. எல்லாத்துக்கும். நீ சொன்ன மாதிரிதானே செஞ்சோம்."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வேலி தாண்டிக் கேட்கும் குரல். "வரேங்க" என்றான், என்னிடம் இல்லை, அவரிடம். அப்புறம் என்னிடம், "சாயங்காலம் பேசறேன்க்கா" என்று வைத்துவிட்டான்.

அவன் குரலில் இருந்தது சந்தோஷம். நாலு மாதமாக நான் கேட்காத சந்தோஷம்.

குளித்து, கிளம்பி, வீட்டைப் பூட்டினேன். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவள் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே தையல்காரர் கடை திறந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்திருக்கும் வரை மெஷினை ஓட்டாமல் இருந்தார்.